புதுசு வந்துருச்சு, பழசை யார் படிக்கிறது?

தை மாதத்தில் ஒரு நாள், கீழராஜ வீதிப் பக்கம் நமக்குத் தெரிந்த தம்பி ஒருவரின் டிடிபி கடையில் உட்கார்ந்திருந்தேன். கீரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வருகிற ஆடியில் மொய்விருந்து வைக்கப் போகிறாராம். போன தடவை, 2019 ஆடியில், அவர் வீட்டு விருந்துக்கு மொய் எழுதியது இந்தக் கடைதான். லேப்டாப்பில் பெயரைத் தட்டி, கையோடு ரசீது கொடுத்த விருந்து. நடுவில் கொரோனா வந்து முறை தள்ளிப்போய்விட்டது. "அந்த லிஸ்டை ஒருக்கா எடுத்துக் குடுங்க தம்பி, யாருக்கெல்லாம் செஞ்சு முடிச்சிருக்கோம், யாருக்குப் பாக்கின்னு பாக்கணும்" என்றார்.

கடையில் புதுக் கணினி. பழையதுக்கு ஆதரவு முடிந்துவிட்டது, இனி வைரஸ் வரும் என்று எல்லாரும் சொன்னதால், மார்கழியில் மாற்றியிருக்கிறார். கோப்பு திறந்தது. ஊர்ப் பெயர், ஆள் பெயர் இருக்க வேண்டிய கட்டங்களில் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் குப்பை. பக்கத்துக் கட்டத்தில் 500, 1000, 5000 என்று தொகை மட்டும் சுத்தமாக இருந்தது.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "தொகை தெரியுது. ஆளு தெரியலையே தம்பி."

மொய்விருந்து தெரியாத வெளியூர் நண்பர்களுக்கு: புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலும் பேராவூரணிப் பக்கமும் ஆடி மாதத்தில் விருந்து வைத்து மொய் வாங்குவார்கள். வட்டியில்லாக் கடன் மாதிரி. வாங்கியதைக் கொடுத்தவர் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்ய வேண்டும். லட்சங்களில் புரளும் பணம். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. பெயரும் தொகையும்தான் பத்திரம். பெயர் போனால் மானம் போச்சு.

இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் இந்தக் கட்டுரை. இயங்குதளம் மாற்றுவது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்: பொத்தான் இடம் மாறிடுச்சு, மெனு நடுவுக்கு வந்துடுச்சு என்று. அதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். எனக்கு இருக்கிற கேள்வி வேறு. புதியதை நிறுவும்போது பழையதைப் படிக்கிற பொறுப்பு யாருடையது?

பத்து வருடம், மூன்று நாள்

2015 அக்டோபர் 11 அன்று நம்ம புதுக்கோட்டையில் வலைப்பதிவர் திருவிழா நடந்தது பலருக்கு நினைவிருக்கும். தமிழில் எழுதுகிறவர்கள் பல ஊர்களிலிருந்து வந்தார்கள். அப்போது விண்டோஸ் 10 வெளிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை (2015 ஜூலை 29). விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம் இலவசம் என்றார்கள். இதுதான் கடைசி விண்டோஸ், இனி எண் மாறாது, உள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கும் என்ற பேச்சு மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவரின் வாயிலிருந்தே வந்தது. நிறுவனமும் அதைப் பெரிதாக மறுக்கவில்லை.

2021 அக்டோபர் 5-ல் விண்டோஸ் 11 வந்தது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றது. நம் திருவிழாவிலிருந்து எண்ணினால் சரியாகப் பத்து வருடம், மூன்று நாள்.

பத்து வருட ஆதரவு குறைவில்லை, ஒத்துக்கொள்கிறேன். நம் கைப்பேசிகளில் பாதிக்கு மூன்று வருடம்கூடக் கிடைப்பதில்லை. ஆனால் இந்தக் கணக்கு 2015-ல் வாங்கியவருக்குத்தான் பத்து. 2017 தொடக்கத்தில் புதுசாக ஒரு கணினி வாங்கியவருக்கு எட்டு ஆண்டும் சொச்சமும்தான். அவருடைய கணினியில் எந்தப் பழுதும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் புதியதுக்குள் நுழைய அனுமதி இல்லை.

காரணம் ஒரு பட்டியல். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பும் போதும் என்கிறார்கள். அது பெரிய விஷயமில்லை. கூடவே டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் செயலியிலிருந்துதான் பட்டியல் தொடங்குகிறது. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-ன் பிற்பகுதியில். அதாவது விண்டோஸ் 11 வந்த அன்றைக்கு நாலே வயதான கணினிகளும் வாசலில் நிறுத்தப்பட்டன. கேனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம், உலகம் முழுக்க 24 கோடிக் கணினிகள் இப்படி ஒதுக்கப்படலாம் என்று 2023 டிசம்பரில் கணித்தது.

டிபிஎம் தேவையில்லாத ஆடம்பரம் என்று நான் சொல்லவில்லை. மறைகுறியீட்டுச் சாவிகளை வட்டில் வைக்காமல் தனிச் சில்லில் வைப்பது நல்ல பாதுகாப்புதான். ஆனால் அது இல்லாத கணினி நேற்று வரை ஓடியது; அதன் சொந்தக்காரரிடம் "உங்களுக்குப் பாதுகாப்பு குறைவு, தெரிந்துதான் நிறுவுகிறீர்கள்" என்று எச்சரித்துவிட்டு அனுமதித்திருக்கலாம். குறைந்த பாதுகாப்புள்ள புதிய இயங்குதளமா, பாதுகாப்புத் திருத்தமே வராத பழைய இயங்குதளமா என்று கேட்டால், எது ஆபத்து என்று பள்ளிப் பிள்ளை கூடச் சொல்லும்.

இன்னொரு இடைவழி வைத்தார்கள். 30 டாலர் கட்டினால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். பணம் வேண்டாம் என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து உங்கள் அமைப்புகளை அவர்கள் மேகத்தில் காப்பெடுத்தாலும் போதும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை பிடித்தன. அங்கே மட்டும் கணக்கில் நுழைந்தால் போதும், காப்பெடுக்கத் தேவையில்லை, பணமும் வேண்டாம் என்று இறங்கி வந்தார்கள். அதே மென்பொருள், அதே திருத்தம். அங்கே கேட்டார்கள், கிடைத்தது. இங்கே கேட்க ஆள் இல்லை. என்னுடைய முதல் விமர்சனம் இதுதான்: இந்த விதிகளில் தொழில்நுட்பக் கட்டாயம் என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி பேரம்தான். அதை நிறுவனமே நிரூபித்துவிட்டது.

அரசு கொடுத்த மடிக்கணினி

நம் மாவட்டத்தில் இதன் அளவு என்ன? 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் தமிழகம் முழுக்கச் சுமார் 50 லட்சம் கணினிகள் கொடுக்கப்பட்டன. கறம்பக்குடியிலும் மணமேல்குடியிலும் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. 2017-க்கு முன் கொடுத்த எதுவும் விண்டோஸ் 11 பட்டியலுக்குள் வர வழியே இல்லை. 

அந்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 7-க்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது; தமிழில் மெனு வரும். பையன்கள் என்ன செய்தார்கள்? நான் பார்த்த வரைக்கும், வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அதை அழித்துவிட்டு, இடத்தைப் படத்துக்கும் பாட்டுக்கும் ஒதுக்கினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பள்ளிக் கணினி அறையில் அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் கேரளத்தில் பள்ளிகளுக்கென்றே உபுண்டுவைத் தழுவி ஒரு பதிப்பு செய்து, ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்து, பாடப்புத்தகத்திலும் சேர்த்தார்கள். அங்கே ஒரு நிறுவனம் பதிப்பு எண்ணை மாற்றினால் பள்ளிக்கூடம் ஆடிப்போகாது. நாம் மென்பொருளைக் கொடுத்தோம், பழக்கத்தைக் கொடுக்கவில்லை.

சரி, மொய் கணக்குக்கு வருவோம்.

குற்றவாளி யார்?

அந்தக் கடையில் நடந்ததற்கு இயங்குதளம் மட்டும் காரணமில்லை. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

கடைக்காரத் தம்பி பழைய தமிழ்த் தட்டச்சு முறையில் பழகியவர். யூனிகோடு வருவதற்கு முந்தைய வகை எழுத்துரு ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார். அந்த வகை எழுத்துரு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பலருக்கும் தெரிந்த பாமினியை வைத்துச் சொல்கிறேன். பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். கணினி தன் வயிற்றுக்குள் சேமிப்பது அந்த ஆங்கில எழுத்துகளைத்தான். ஜே வரும் இடத்தில் 'த' என்ற படத்தை, கே வரும் இடத்தில் 'ம' என்ற படத்தைக் காட்டுவது மட்டும்தான் எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு இது தமிழ் என்றே தெரியாது. எண்கள் மட்டும் எண்களாகவே இருப்பதால் தொகை தப்பித்தது.

எழுத்துருவின் குறுந்தகடு கடையில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதை நிறுவும் நிரல் 16-பிட் காலத்தது. பழைய 32-பிட் விண்டோஸில் ஓடியது. 64-பிட் விண்டோஸ் எதிலும் 16-பிட் நிரல்கள் ஓடாது; விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. எழுத்துருவை விற்ற நிறுவனத்துக்குப் போன் போட்டால் எண் உபயோகத்தில் இல்லை. பழைய கணினியிலிருந்து எழுத்துருவை எடுத்துக்கொள்ளலாம் என்றால், சர்வீஸ்காரர் அதை அப்போதே ஃபார்மேட் போட்டு யாருக்கோ விற்றுவிட்டார். ஆக, நாலு பேர் ஆளுக்கொரு சின்னத் தவறு. கடைசியில் சுமை பெரியவர் தலையில்.

யூனிகோட்டில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000-லேயே லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டில் தமிழ் 99 விசைப்பலகையையும், டாம், டாப் என்ற குறியேற்றங்களையும் தரமாக ஏற்றார்கள். அந்தக் குறியேற்றங்கள் இரண்டும் பழைய 8-பிட் வகை. யூனிகோட்டையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்த அரசாணை 2010 ஜூன் 23 அன்று, கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில்தான் வந்தது. யூனிகோடு கைக்கு எட்டிய பிறகும் பத்து வருடம் நாம் புதிய கோப்புகளைப் பழைய குறியேற்றத்தில் குவித்துக்கொண்டே இருந்தோம். ஆணை வந்த பிறகும் அச்சகம், டிடிபி கடை, அலுவலகம் என்று பல இடங்களில் இன்னும் குவிக்கிறோம். என்னுடைய இரண்டாவது விமர்சனம் நம் மேல்தான்.

மைக்ரோசாஃப்ட்டுக்குச் சேர வேண்டிய நல்ல பெயரையும் கொடுத்துவிடுகிறேன். 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7-ஐ வைத்து இன்றும் நோட்டீஸ் அடிக்கிற கடைகள் நம் ஊரில் உண்டு (உரிமம் பற்றிக் கேட்காதீர்கள்). கால் நூற்றாண்டுப் பழைய நிரலை ஓடவிடும் பொறுமை வேறு இயங்குதளங்களில் எளிதாகக் கிடைக்காது.

ஆனால் தமிழ் என்று வரும்போது அந்தப் பொறுமை கொஞ்சம் குறைகிறது. லதாவும், விண்டோஸ் 7-ல் வந்த விஜயாவும், விண்டோஸ் 10-லிருந்து கூடவே வருவதில்லை. தனித் துணைத் தொகுப்பாக ஒதுக்கிவிட்டார்கள். தமிழை ஒரு மொழியாகச் சேர்த்தால் அல்லது தேடிப் போய் நிறுவினால்தான் வரும். இல்லாவிட்டால் லதாவில் அமைத்த பழைய ஆவணம் நிர்மலாவில் தெரியும். எழுத்து படிக்க முடியும். ஆனால் வரி நீளம் மாறி, பக்கம் மாறி, 120 பக்கப் புத்தகத்தின் பொருளடக்கம் முழுக்கப் பொய்யாகிவிடும். துணைத் தொகுப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்க்கு இரண்டு நிமிட வேலை. தெரியாதவர் மறுபடி பக்கம் அமைக்க உட்காருவார்.

கல்வெட்டு வாசிக்கிற மாதிரி

அந்த மொய் கோப்பை எப்படி மீட்டோம்? வழக்கமான பாமினி, டிஸ்கி வகை என்றால் கவலையே இல்லை. சுரதாவின் பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் என்று நல்ல மாற்றிகள் இருக்கின்றன. லாபம் பார்க்காமல் தமிழுக்காகச் செய்து கொடுத்தவை. இந்த எழுத்துரு அந்தப் பட்டியல்களில் இல்லை.

பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ஐயா, அன்னைக்கு நோட்டுல எதுவும் எழுதலையா?"

"ஏன் எழுதாம? லேப்டாப்பை நம்பி இம்புட்டுப் பணத்தை வாங்குவமா? மொத நாலு மணி நேரம் எங்க மச்சினன் நோட்டுலயும் எழுதுனான். பொறவு கூட்டம் சேந்துபோயி விட்டுட்டான்."

அது போதும். நோட்டின் முதல் பக்கத்தையும் திரையின் முதல் நாற்பது வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கருப்பையா, சின்னக்கண்ணு, வடகாடு, கொத்தமங்கலம். ஒரே எழுத்து எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ஒரே குறி வருகிறதா என்று பார்த்து ஓர் அட்டவணை போட்டோம். ஒற்றைக்கொம்பு மட்டும் கொஞ்சம் படுத்தியது. பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிப்பார்கள். யூனிகோட்டில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. வரிசை மாற்றித்தான் சேர்க்க வேண்டும். இரண்டு சாயங்காலம் ஆனது. நோட்டில் இல்லாத பெயர்களும் வரிசையாக வந்து நின்றன.

சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துக் கல்வெட்டு தமிழ்-பிராமி எழுத்து. யாரும் இன்று அப்படி எழுதுவதில்லை. ஆனாலும் படிக்கிறோம், ஏனென்றால் இந்த வடிவத்துக்கு இந்த எழுத்து என்ற அட்டவணையை அறிஞர்கள் உழைத்துக் கண்டுபிடித்து எல்லாருக்கும் பொதுவில் வைத்தார்கள். புதுக்கோட்டை சமஸ்தானம் தன் கல்வெட்டுகளின் மூலபாடங்களை 1929-ல் அச்சிட்டு வெளியிட்டது. அந்தப் புத்தகத்தை இன்றும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஆறேழு வருடம் முன்பு தட்டிய மொய் கணக்கைப் படிக்க எங்களுக்கு இரண்டு நாள் துப்பறிய வேண்டியிருந்தது. எழுத்து மாறுவது குற்றமில்லை. அட்டவணையைப் பூட்டி வைத்துவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு போவதுதான் குற்றம்.

அளவுகோல்

அதனால் அப்கிரேடு என்று எது வந்தாலும் நான் இனி மூன்று கேள்வி கேட்கப்போகிறேன். நேற்று நான் எழுதியதை நாளைக்கும் என்னால் படிக்க முடியுமா? ஓடுகிற கருவியைத் தூக்கிப்போடச் சொல்கிறதா? வேண்டாம் என்று சொல்ல எனக்கு உண்மையிலேயே வழி இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. 2016-ல் விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லி வந்த அறிவிப்புப் பெட்டியில், மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடினால்கூட, குறித்த நேரத்தில் மாறச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். உலகம் முழுக்கத் திட்டு வாங்கிய பிறகுதான் மாற்றினார்கள். இப்போது விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை நிறுவும்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கட்டாயம் என்கிறார்கள். பல புதுக் கணினிகளில் வட்டு தானாகவே குறியாக்கம் ஆகிறது. மீட்புச் சாவி அந்தக் கணக்குக்குள் போகிறது. நம் ஊரில் அந்தக் கணக்கை உருவாக்குவது பெரும்பாலும் கடைப் பையன். கடவுச்சொல் அவனுக்கே மறந்திருக்கும். மதர்போர்டு போன அன்றைக்குத்தான் அந்தச் சாவியைத் தேடுவோம்.

மாற்றியே ஆக வேண்டியவர்களுக்கு என் அனுபவத்தில் நாலு வார்த்தை. பழைய கணினியை ஃபார்மேட் போடுவதற்கு முன் எழுத்துருக் கோப்புறையைத் தனியாக நகலெடுங்கள். பழைய எழுத்துருவில் உள்ளவற்றை யூனிகோட்டுக்கு இப்போதே மாற்றுங்கள். பிடிஎஃப் ஆக்கிவிட்டோமே என்று நிம்மதியாக இருக்காதீர்கள்; பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் பார்க்க அழகாக இருக்கும், தேடினால் கிடைக்காது, நகலெடுத்தால் அதே குப்பைதான் வரும். கணக்கும் மீட்புச் சாவியும் யார் பெயரில், எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பட்டியலில் இடம் கிடைக்காத கணினியைக் காயலான் கடைக்கு அனுப்புவதற்கு முன் லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கடிதம், கணக்கு, இணையம், தமிழ் 99 தட்டச்சு எல்லாம் நடக்கும். பேஜ்மேக்கரும் டாங்கிள் பூட்டுள்ள தமிழ் மென்பொருளும் வேண்டும் என்றால் நடக்காது. அதை மறைத்துவிட்டு லினக்ஸ் பிரசாரம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அரசிடம் கேட்க ஒன்று உண்டு. இத்தனை வருடம் அலுவலகங்களுக்குத் தமிழ் மென்பொருள் விற்ற ஒவ்வொருவரிடமும் அவரவர் எழுத்துருவின் குறியேற்ற அட்டவணையை வாங்கிப் பொதுவில் வைக்க வேண்டும். ஒரு எழுத்துருவுக்கு ஒரு பக்கம்கூட வராது. இனி வாங்குவதற்கும் அதுவே நிபந்தனையாக இருக்கட்டும்.

பட்டியலை அச்சடித்துக் கொடுத்தோம். பெரியவர் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். நடுவில் ஒரு பெயரில் நின்று, "இவரு தவறிட்டாரு. மகன்கிட்ட செய்யணும்" என்றார். கிளம்பும்போது கடைக்காரத் தம்பியிடம், "இந்த ஆடிக்கும் நீங்கதான் வந்து எழுதணும்" என்றார். தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஆனா நோட்டும் ஒண்ணு வாங்கிருவம் தம்பி. இந்தத் தடவை கடைசி வரைக்கும் எழுதச் சொல்றேன்."